பெரியப்பாவின் நோட்டு

அன்புள்ள ராஜேந்திரனுக்கு,

நலம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய், தெரியும். நான் கோலாலம்பூர் விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சென்னை விமானத்துக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய்.

நேற்று பினாங்கில் கடைசி நாள். காலையில் பெரியப்பா மகள் அக்கா என்னைக் குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். 1833-ல் எழுந்த கோயில், தீவில் இருக்கிற இந்துக் கோயில்களிலேயே பழையது. பெரியப்பா வேலைக்குப் போகுமுன் தினமும் இங்கே கும்பிட்டுவிட்டுத்தான் போவாராம். அங்கிருந்து துறைமுகம் நடக்கிற தூரம். மூட்டை தூக்குகிற வேலை, ராஜேந்திரா. நம்ம ஊரில் அவர் "ஹார்பர்ல இருக்கேன்" என்று மட்டும்தான் சொல்வார். நாகப்பட்டினம் வெளிப்பாளையமே அவரைப் பெரிய ஆபீசர் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அவரும் திருத்தவில்லை.

கோயிலிலிருந்து நேராகப் போய் நாசி கண்டார் சாப்பிட்டோம். சாமி கும்பிட்ட கையோடு ஆட்டுக்கறியா என்று கேட்காதே, அக்காவே "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்று சொல்லிவிட்டாள். ஒரு காலத்தில் நம்ம பக்கத்து முஸ்லிம் ஆட்கள் காவுத்தடியின் இரண்டு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத்தில் சுமந்து விற்ற சாப்பாடு அது. பெரியப்பா அதைத் தின்றுதான் மூட்டை தூக்கியிருக்கிறார். நாலைந்து குழம்பை ஒன்றாகக் கலந்து ஊற்றுகிறார்கள். பார்க்கச் சகிக்காது. ருசியோ கையை நக்க வைக்கிறது.

மத்தியானம் பெட்டி கட்டும் படலம். பாயான் பாருவில் அக்காவின் ஃபிளாட்டில் ஹால் முழுக்கச் சாமான். கோடாலித் தைலம் ஒரு டஜன், மைலோ, ஒயிட் காபி, ஜாதிக்காய் ஊறல், கைலிகள். சூட்கேஸை நிறுக்க வழியில்லாமல் அக்கா அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறி நின்றாள். முள்ளைப் பார்த்து அவள் எடையைக் கழித்துச் சொல்வது என் வேலை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன், ஏதாவது ஒன்றை எடுத்து வெளியே வைப்பாள் என்று. வைக்கவில்லை.

"எதுக்குக்கா இவ்வளவு? இப்போ நம்ம ஊர்லயே எல்லாம் கிடைக்குது" என்றேன்.

"அப்பவும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லியிருக்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள். பெரியப்பா எழுத்து. 1978-ல் அவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வந்தார்களே, அந்தப் பயணத்துக்கான பட்டியல். இடது பக்கம் பெயர், வலது பக்கம் சாமான். சித்தப்பா, மாமா, பங்காளி வீடு, கோயில் குருக்கள், தபால்காரர், யாரையும் விடவில்லை.

சின்ன வயதில் பினாங்கிலிருந்து ராஜுலா கப்பல் வருகிற நாளில் நாம் கடற்கரைக்கு ஓடுவோமே. கப்பல் தூரத்தில் நிற்கும், படகில் ஆள் இறங்குவார்கள். அந்தக் காலத்தில் பினாங்கு சுங்கவரி இல்லாத துறைமுகம். வெளிநாட்டுச் சாமான் எல்லாம் மலிவு. அதனால் பெரியப்பா அள்ளிக்கொண்டு வந்தார், ஊரும் அதற்குப் பழகிவிட்டது. 1969-ல் அந்தச் சலுகை போயிற்று. துறைமுகத்தில் வியாபாரம் படுத்தது, பெரியப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. இதெல்லாம் நமக்கு யார் சொன்னார்கள்? 1972-ல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை ஆரம்பித்தார்கள், மின்னணுக் கம்பெனிகள் வந்தன. வேலைக்குப் பெண்களைத்தான் தேடினார்கள். அக்கா பதினெட்டு வயதில் சேர்ந்துவிட்டாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமயிரை விட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு பொட்டு அளவு சில்லில் ஒட்ட வேண்டும். ஷிஃப்ட் முழுக்க அதே வேலை. இன்றைக்கும் எதையாவது உற்றுப் பார்க்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்கிறாள்.

மாதம் இருபது மலேசிய வெள்ளி சீட்டுக் கட்டி, எடுத்த பணம் பூராவும் அந்த நோட்டில் இருக்கிற சாமானாக மாறி நம்ம ஊருக்கு வந்திருக்கிறது. அதற்கு அப்புறமும் எந்த வீட்டில் புடவை சாயம் மட்டம் என்று குறைப்பட்டார்கள் என்பது அக்காவுக்கு ஞாபகம் இருக்கிறது. யார் வீடு என்று நேரில் சொல்கிறேன்.

உனக்கு எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஒரு பக்கத்தில் "வாத்தியார் வீடு: தைலம் 2, கைலி 1" என்று இருந்தது. அதற்கு நேரே வேறு மையில் "கடிதம் வந்தது" என்று எழுதியிருக்கிறார் பெரியப்பா. அவர்கள் பினாங்குக்குத் திரும்பிப் போன பிறகு, கிடைத்ததென்று நாலு வரி எழுதியவர்கள் பெயருக்கு நேரே மட்டும் அந்தக் குறிப்பு. மொத்த நோட்டிலும் நாலைந்துதான் இருக்கும். அதில் உங்கப்பா ஒருவர். அந்தக் கைலியை அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்வார், நினைவிருக்கிறதா?

எங்கள் வீட்டுக்குத் தனியாக ஒரு பக்கமே இருந்தது, டிரான்சிஸ்டர் உட்பட. நேரே குறிப்பு எதுவும் இல்லை. அக்கா பார்ப்பதற்குள் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

சாயங்காலம் அவள் மகன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். விமான நிலையம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போகிற வழியில் ஒரு கட்டடத்தைக் காட்டி "முப்பது வருஷம் இங்கதான்டா" என்றாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கார் கடந்துவிட்டது. அழுகை எல்லாம் இல்லை. மாத்திரை எடுத்து வைத்தாயா என்று மூன்று தடவை கேட்டாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உனக்கு ஒரு கைலியும் தைலமும் எடுத்து வைத்திருக்கிறேன். அக்காவே "வாத்தியார் மகனுக்கு" என்று தனிப் பையில் போட்டுக் கொடுத்தாள். ஜாதிக்காய் ஊறல் தங்கச்சிக்கு, உன் சர்க்கரைக்கு அது ஆகாது. அப்புறம், அக்காவுக்கு ஒரு கடிதம் எழுது. வாட்ஸ்அப் வேண்டாம், தபாலில் போடு. தமிழ்ப் பள்ளியில் படித்தவள், உன் கோழிக்கிறுக்கல் எழுத்தையும் வாசித்துவிடுவாள். முகவரி என்னிடம் இருக்கிறது. நானும் எழுதப் போகிறேன், இரண்டையும் ஒரே உறையில் போட்டுவிடலாம்.

அன்புடன்,
சுந்தரம்