முதல் சத்தத்துக்கு முன்னால் ஒரு நன்றி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சிங்காநல்லூர், அப்புறம் இங்கிலாந்து வரைக்கும் பரவியிருக்கும் எங்கள் எம்.ஜி. குடும்பத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், பழைய எம்.ஜி. காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்யப் போகிறோம். ஓட ஆரம்பித்துவிட்டால் எல்லோர் கண்ணும் காரின் மேல்தான் இருக்கும். நீண்ட பானெட்டையும் முன்னால் துருத்தி நிற்கும் இரண்டு விளக்குகளையும் பார்த்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே யார் யார் கை பட்டிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. எஞ்சினில் செய்கிற நல்ல வேலை எல்லாம் மூடிக்குள்ளேயே போய்விடுகிறது. அதனால்தான் சத்தம் கிளம்புவதற்கு முன்பே இந்த மடலை எழுதுகிறேன். ஞாயிறு அன்றே வண்டி கிளம்பினாலும் சரி, இன்னும் கொஞ்ச நாள் கேட்டாலும் சரி, உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் மாறாது.

வண்டியைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி. டி.டி. என்பது இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1949 முதல் 1953 வரை செய்யப்பட்ட இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். மொத்தமே முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நாலு சிலிண்டர், 1250 சி.சி., இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், 54 குதிரைத்திறன். இன்றைக்கு ரோட்டில் போகும் ஹெக்டர் வண்டியின் மூக்கில் இருக்கிறதே எண்கோண முத்திரை, அதேதான் இதிலும். அப்பாரு இதை வால்பாறையில் ஒரு எஸ்டேட் மேனேஜரிடமிருந்து வாங்கினார். பொள்ளாச்சிச் சந்தைக்கும் சித்தூருக்கும் இதில்தான் போய்வருவார். அவர் காலத்துக்குப் பிறகு தேங்காய்க் களத்து ஷெட்டில் நின்றே எஞ்சின் இறுகிவிட்டது. எடைக்குப் போடுங்கள் என்றார்கள் ஒரு பட்டறையில். இன்னொரு இடத்தில் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது எஞ்சின் ஒன்றை வைத்துத் தருகிறோம் என்றார்கள். அந்த எஞ்சின் இல்லாவிட்டால் அது அப்பாருவின் வண்டியே இல்லை.

"அதெல்லாம் ஓடும் கண்ணு" என்று முதலில் சொன்னவர் வேலந்தாவளத்து அய்யா. கிணற்றடியில் ஆயில் எஞ்சின் தடதடத்த காலத்திலிருந்து எஞ்சின் வேலை பார்ப்பவர். அய்யா, ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினை நீங்கள் அதற்கு முன் தொட்டதே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உங்களுக்குத் தயக்கம் வரவில்லை. பிளக்குகளைக் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, அதுவாக விடுகிற வரைக்கும் ஹேண்டிலில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மறுபடி வந்து, வலப்பக்கம் ஒரு நூல், இடப்பக்கம் ஒரு நூல் என்று ஆட்டி ஆட்டித்தான் விடுவித்தீர்கள். வேறு யாராவதாக இருந்திருந்தால் சுத்தியலை எடுத்திருப்பார்கள், பிஸ்டன் உடைந்திருக்கும்.

இந்த எஞ்சினின் நட்டுகளுக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பானர்தான் சேரும். கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் முனை மழுங்கிவிடும். பழைய லிஸ்டர் ஆயில் எஞ்சின்களுக்காக அய்யா எண்ணெய் தடவிக் கோணிப்பையில் சுற்றி வைத்திருந்த ஸ்பானர் செட் மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, திருப்பிக் கேட்கவே இல்லை.

அய்யா வால்வு உட்கார வைத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட்டைத் துளி வைத்து, ரப்பர் கப் மாட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, மத்து கடைவது போல உருட்டுவார். முதலில் கரகரவென்று வரும் சத்தம் போகப் போக மிருதுவாகிவிடும். அதைக் கேட்டே நிறுத்துவார். பிறகு பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, வால்வு முகத்தில் பென்சிலால் குறுக்கே கோடுகள் போட்டு, சீட்டில் வைத்து ஒரு கால் சுற்று. எல்லாக் கோடும் ஒரே மாதிரி அழிந்திருந்தால்தான் அடுத்த வால்வு. ஒரு கோடு மிச்சம் நின்றாலும் மறுபடி பேஸ்ட். எட்டு வால்வுக்கும் இதேதான்.

சிங்காநல்லூர் லேத் மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. பம்ப்செட் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கடைந்து பழகிய கை அது. உள் விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டு ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே, குறுக்கே, நெடுக்கே அளந்து பழைய டைரியில் எழுதிக்கொண்டார். நாலு சிலிண்டருமே தேய்ந்து கூம்பாகியிருந்தன. உள்ளே ஸ்லீவ் என்ற புதுக் குழாய் போட்டு, கம்பெனி கொடுத்த 66.5 மில்லிமீட்டர் உள் விட்டத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தார். உட்சுவரைத் தேய்த்து மெருகேற்றும் ஹோனிங் வேலையை முடிக்கும் முன்பு பிளாக்கையும் பிஸ்டன்களையும் ஒரே அறையில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, விடிந்த பிறகுதான் அளவெடுத்தார். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் கிடந்தால் மைக்ரோமீட்டர் பொய் சொல்லும் என்றார். அவசர வேலைக்கு ஆட்கள் வாசலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அவர் இதைச் செய்தார்.

போல்ட்டு விஷயத்தையும் மாமாதான் கண்டுபிடித்தார். கடையில் வாங்கிய 8 மி.மீ. போல்ட் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. அவர் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, சாதாரண 8 மி.மீ. போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ., இதற்கு 1.0 என்றார். தலை விட்வொர்த், மரை மெட்ரிக். பிரிட்டிஷ் காரில் ஏன் இப்படி என்று தேடிப் படித்தபோது காரணம் கிடைத்தது. கவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி நடத்திய எஞ்சின் தொழிற்சாலையை 1923ல் எம்.ஜி.யின் சொந்தக்காரரான வில்லியம் மோரிஸ் வாங்கினார். அங்கிருந்த மெஷின்கள் எல்லாம் மெட்ரிக் மரை வெட்டுபவை. அந்தப் பழக்கம் 1950களின் எம்.ஜி. வரைக்கும் தொடர்ந்து வந்துவிட்டது. மாமா இதைக் கேட்டு, "கிடைச்ச மெஷினை வெச்சு வேலை பார்த்திருக்காங்க, நம்மளாட்ட" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார். தேவைப்பட்ட போல்ட்டுகளையெல்லாம் அவரே கடைந்து கொடுத்தார். எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட்டுகளைப் பதித்ததும் அவர்தான். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. அந்த ஈயம் இல்லாமல் பழைய சீட் வெகுநாள் தாங்காது.

பக்கத்து வீட்டுச் சேச்சியின் மகளுக்கு அடுத்த நன்றி. இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் அந்தப் பெண் ஓணத்துக்கு ஊருக்கு வந்தபோது, கிராங்க் கிரைண்டிங்குக்குப் பொருந்தும் இருபது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு) கூடுதல் தடிமன் பேரிங்குகளையும் காஸ்கெட் செட்டையும் தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். இந்த எஞ்சினுக்கு அங்கே இன்னமும் புதுப் பாகங்கள் செய்கிறார்கள். ஆனால் இருக்கிற லக்கேஜ் கணக்கில் ஊருக்கு வாங்கின சாமான்களைக் குறைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு இரும்பைச் சுமந்து நெடும்பாசேரியில் வந்து இறங்க யாருக்கு மனசு வரும்? மோளே, ஞாயிறு அன்று உனக்கு வீடியோ காலில் காட்டுவோம். அங்கே விடியாத நேரம் என்று தெரியும், எழுந்துகொள்.

எலக்ட்ரீசியன் தம்பி, நீ இல்லாவிட்டால் பேட்டரியை இணைத்த அன்றே புகை வந்திருக்கும். இந்தக் காரில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ், நெகட்டிவ் அல்ல. நீ ஒவ்வொரு ஒயரையும் பின்தொடர்ந்து போய்த் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டி, டைனமோவையும் அந்தத் திசைக்கு மாற்றி வைத்தாய். பிளக்கில் பொறி கிளம்ப வைக்கும் பாயிண்ட் திறக்கும் நொடியைச் சின்ன பல்பு வைத்துக் காட்டிக் கொடுத்ததும் நீதான். 1-3-4-2 என்று பிளக் ஒயர் வரிசையைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறாய். அதை யாரையும் அழிக்கவிடவில்லை.

அரசு விண்ணப்பங்களை ஆன்லைனில் போட்டுத் தரும் அக்ஷயா மையத்துத் தங்கைக்கும் நன்றி. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர் கொடுக்கும் விதி 2021ல் வந்தது. பதிவுக் கட்டணம் இருபதாயிரம், பத்து வருடத்துக்குச் செல்லும். கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. அப்பாருவின் பழைய ஆர்.சி. புத்தகத்தில் மங்கிப்போன எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து விண்ணப்பத்தை அனுப்பியது அவள். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் வருகிறது, பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும் என்று எச்சரித்து, தாங்கும் ஹோஸை வாங்கி வந்த பங்க் அண்ணனுக்கும் நன்றி.

வீட்டில் இருப்பவர்களுக்கு நன்றி சொன்னால் அம்மா திட்டுவார். ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து எங்கள் களத்தில் வீசும்போது மண்ணை வாரித்தான் போடும். திறந்து கிடந்த எஞ்சினுக்குள் ஒரு மணல் விழுந்தாலும் புது பேரிங்கில் கோடு விழுந்துவிடும். காற்று அடங்கும் வரை அசெம்பிளி வேண்டாம் என்று நிறுத்தியவர் அம்மா. துவைத்த வேட்டிகளால் பிளாக்கைச் சுற்றிக் கட்டி வைத்ததும் அவர்தான். அத்தை தன் பழைய நூல் சேலைகளைக் கிழித்துக் கொடுத்தார். பஞ்சு பிரியாத துணி அது, பேரிங் துடைக்க அதைவிட நல்லது எங்கும் கிடைக்காது. வேலைக்கு வந்த ஒருவரும் பசியோடு திரும்பவில்லை என்றால் அதற்கும் அத்தைதான் காரணம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம், வெயில் ஏறுவதற்கு முன். ஆயில் பம்ப் பிளாக்கின் பக்கவாட்டில் இருப்பதால் காற்றுப் பிடித்துக்கொள்ளும். அதனால் பம்பை வாஸ்லின் அடைத்துப் பூட்டியிருக்கிறோம். முதலில் பிளக் இல்லாமல் ஹேண்டிலைச் சுற்றுவோம். டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரைக்கும் பெட்ரோல் பக்கமே போவதில்லை. முள்ளைப் பார்க்கும் வேலை வேலந்தாவளத்து அய்யாவுக்கு. அப்புறம்தான் பிளக், பேட்டரி, எஸ்.யூ. பெட்ரோல் பம்பின் டிக்டிக். அது டிக்டிக் அடித்து நின்றால் கார்புரேட்டர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். தீயணைப்பு சிலிண்டரோடு எலக்ட்ரீசியன் தம்பி நிற்பான். கார்புரேட்டர் பக்கம் பிள்ளைகள் யாரும் வரக் கூடாது, தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பியதும் ஐடிலில் விடமாட்டோம். வால்வுகளைத் திறக்கும் புது கேம் ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் ஒன்றோடு ஒன்று பழக வேண்டும் என்பதால் இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2000 சுற்றை ஒட்டியே வைத்திருப்போம். அதற்காகவே துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள ஆயில் ஊற்றியிருக்கிறோம். அந்த இருபது நிமிடமும் பேச்சு காதில் விழாது, சைகைதான். பின்பக்கம் கொஞ்சம் எண்ணெய் சொட்டினால் பயப்பட வேண்டாம். கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, திருகு வெட்டுத்தான் எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. இந்த எஞ்சின் பிறந்ததிலிருந்தே அப்படி.

ஸ்டார்ட்டர் கம்பியை லேத் மாமா இழுக்க வேண்டும் என்பது என் ஆசை. மாமா, மறுக்காதீர்கள், அப்பா உட்பட எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். கோவையிலிருந்து வருகிறவர்கள் வேலந்தாவளம் வழியாக வந்தால் சுலபம். களத்து வாசலில் தென்னை ஓலைப் பந்தல் போட்டிருக்கும். காலைச் சாப்பாடு எல்லோருக்கும் நம் வீட்டில்தான். குடும்பத்தோடு வாருங்கள்.

நன்றியுடன்,
அப்பாருவின் பேரப்பிள்ளை,
கொழிஞ்சாம்பாறை