கடற்தொழில் சங்கத்து ஐயாமாருக்கும் அண்ணாமாருக்கும் ஒரு திறந்த மடல்

திருகோணமலைக் கரையில தொழில் செய்யிற சங்கங்கள் எல்லாத்துக்கும் வணக்கம். நான் ஏஎல் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிற ஆள், அப்பா சல்லிப் பக்கம் முப்பது வருசம் கரைவலை இழுத்தவர்.

அவருக்கு புரோஸ்டேட் (ஆம்பிளையளுக்குச் சலப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி) கான்சர் எண்டு சொல்லி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா போடுற ஓமோன் ஊசி தொடங்கினவை, ரத்தப் பரிசோதனையில பாக்கிற பிஎஸ்ஏ அளவு மளமளவெண்டு இறங்கிட்டுது, எங்களுக்கும் நெஞ்சில பால் வார்த்த மாதிரி. பேந்து ஊசியை மட்டும் ஒழுங்காப் போட்டுக்கொண்டு ரத்தம் பாக்கிறதை விட்டிட்டார். சீசன் நேரம் ஆளில்லாமல் வலை இழுக்கேலுமே எண்டு கேட்டார், நானும் வற்புறுத்தேல்ல. ஒருநாள் விடிய இடுப்பு நோகுது எண்டு சுவரைப் பிடிச்சுக்கொண்டு குசினிக்கு வந்தார், அந்தக் கை நடுங்கினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

ஊசி போட்டும் கான்சர் திரும்ப எழும்பியிருந்தது. ஊசி வேலை செய்யேல்லையோ எண்டால் செய்தது. இந்தக் கான்சர் ஆண் ஓமோனைக் குடிச்சு வளருறது, அதை நிப்பாட்டினால் சுருங்கும் எண்டு சார்ள்ஸ் ஹகின்ஸ் எண்ட டொக்டர் 1941இலயே காட்டினவர், 1966இல நோபல் பரிசும் கிடைச்சது. ஆனா கலத்துக்குள்ள வேற ஒரு வழியும் இருக்கு. கைனேஸ் எண்ட நொதியங்கள் ஒண்டில இருந்து ஒண்டுக்கு பொஸ்பேற்றை ஒட்டி ஒட்டி "வளரு, சாகாதை" எண்ட சேதியைக் கடத்துதுகள், கரைவலைக் கயித்தில நிக்கிறவை அம்பாப் பாட்டுக்கு ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் இழுக்கிற மாதிரித்தான். பிஐ3கே, ஏகேடி எண்டது அப்பிடி ரெண்டு கைனேஸ், பிஐ3கே இழுக்க ஏகேடி இழுக்கும். போதும் விடுங்கோ எண்டு சொல்லுறது பிடென் எண்ட இன்னொரு நொதியம். ஓமோன் ஊசிக்கு மசியாமல் பரவின நோய்க்காரரில கிட்டத்தட்ட 40 வீதம் பேரில அது கெட்டுப்போயிருக்கும், அதுக்குப் பிறகு மறிக்க ஆளில்லை. இன்னும் ஒண்டு, ஓமோன் வழியை அடைச்சால் இந்த ஏகேடி வழி கூடுதலா உசாராகும், ஒண்டை அமத்தினால் மற்றது எழும்பும். சில கட்டியள் தாங்களே ஓமோன் செய்யவும் பழகிவிடும், அதுக்குத் தேவையான நொதியத்தை மறிக்கத்தான் அபிராட்டெரோன் குளிசை வந்தது.

வருசா வருசம் கரும்பலகையில கீறிப் படிப்பிச்ச நான் வீட்டில இருந்த மனுசனுக்கு இதைச் சொல்லேல்ல. அதாலதான் எழுதுறன். பிஎஸ்ஏயும் ஒரு நொதியம்தான், புரோஸ்டேட் செய்யிறது, ஊசி போட்டுக்கொண்டிருக்கேக்கயே அது திரும்ப ஏறத் தொடங்கினால் கலம் வேற வழி பிடிச்சிட்டுது எண்டு சந்தேகப்பட வேணும். நோவு வர முன்னமே அது காட்டிக் கொடுக்கும், டொக்டரும் வேற மருந்துக்கு மாத்தலாம்.

சலம் முட்டுறது, இரவில நாலு தரம் எழும்புறது எல்லாம் கான்சராத்தான் இருக்கவேணும் எண்டில்லை, வயசுக்கு வாற சாதாரண வீக்கமாவும் இருக்கும், ஆனா வெக்கப்பட்டு மறைக்காதேங்கோ.

நான் கேக்கிறது பெரிய காரியம் இல்லை. உங்கட மாதக் கூட்டத்தில எனக்குப் பத்து நிமிசம் தாங்கோ, வலைக் கயித்தைக் கொண்டுவந்தே விளங்கப்படுத்துறன். கிளினிக் நாள் எண்டு ஒருத்தர் சொன்னால் சம்மாட்டிமார் பங்கை வெட்டாமல் விடுங்கோ. அப்பாவின்ர சம்மாட்டி இப்ப அப்பிடித்தான் செய்யிறார், கிளினிக் காட்டில இருக்கிற திகதியைத் தன்ர கணக்குக் கொப்பியிலயும் எழுதி வச்சிருக்கிறார்.