பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு

அரசு மேல்நிலைப் பள்ளி,
போச்சம்பள்ளி வட்டம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு நம் ஊர் ஆலமரத்தடியில் ஒரு வேன் வந்து நின்றது. நம் பிள்ளைகள் ஏழு பேர் அதில் ஏறிப் போனார்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்ற வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முந்தின நாள் மதியம் அதே ஏழு பேரும் என் அறைக்கு வந்து, நன்றாக எழுதியிருக்கிறோம் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

வேலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. என் அப்பா மாந்தோப்பில் காய் இறக்கிய கூலியில்தான் நான் படித்தேன். வீட்டு நிலைமை தெரியாமல் எழுதுகிற கடிதம் இல்லை இது. நான் கேட்பது இவ்வளவுதான்: மே மாதம் ரிசல்ட் வந்து, மேற்படிப்புச் சேர்க்கை முடியும்வரை பிள்ளையை எந்த கான்ட்ராக்டரிடமும் ஒப்புக்கொடுத்துவிடாதீர்கள்.

நம் மாவட்டத்தில் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை 1970-களிலேயே வந்தது. அப்புறம் பர்கூர், போச்சம்பள்ளி. 2021-இல் மின்சார ஸ்கூட்டர் ஆலை நம் வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால் வெறும் பிளஸ் டூ சான்றிதழோடு போகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது கான்ட்ராக்ட் வேலை. பேக்கிங், சுமை தூக்குவது, நின்றுகொண்டே எட்டு மணி நேரம். ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் அந்தப் பிள்ளைதான். பக்கத்திலேயே மெஷினைச் சரிபார்த்து ஓட்டுகிறவர் ஐ.டி.ஐ. படித்தவராகவோ டிப்ளமோ முடித்தவராகவோ இருப்பார். இரண்டு பேருக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு வருஷப் படிப்பு.

சரி, அந்த வருஷங்களுக்குச் செலவு யார் செய்வது என்று கேட்பீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. பர்கூரில் 1994-லிருந்து அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. நம் ஊரிலிருந்து எத்தனை பேர் அதன் வாசல் ஏறியிருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கை போதுமாக இருந்தது.

இதையெல்லாம் போன வருஷமும் சொன்னேன். தலையாட்டிவிட்டுத்தான் போனீர்கள். ஏன் எதுவும் மாறவில்லை என்பது பிப்ரவரியில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. "தம்பி பேர்ல கான்ட்ராக்டர்கிட்ட அஞ்சாயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டேன் டீச்சர். பெரியவ பிரசவச் செலவு. இப்ப எப்படி மாட்டேன்னு சொல்றது?" நான் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், அவருக்குச் சிக்கல் ஐயாயிரம் ரூபாயில் இருந்தது.

அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினோம். மகளிர் குழுத் தலைவிகளையும் அழைத்தோம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதலில் தொடங்கியதே நம் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. உங்களில் பலருடைய அம்மாக்கள் அந்தக் குழுவில் கடன் எடுத்துத்தான் முதல் மாடு வாங்கியிருப்பார்கள். அந்தக் குழுக்கள் இப்போது குழுவுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. பழைய மாணவர்களும் தங்களால் ஆனதைக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கவும், விண்ணப்பக் கட்டணம், விடுதியில் சேரும்போது ஆகும் செலவு ஆகியவற்றுக்கும் இதிலிருந்து கடன் கிடைக்கும். பத்து மாதத்தில் திருப்பினால் போதும்.

ஒரு தலைவி மட்டும், குடிக்கிற அப்பன் கைக்குப் பணம் போகாது என்றால்தான் எங்கள் குழு சேரும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே கடன் அம்மா பெயரில்தான். அப்பாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் விதி அதுதான்.

இருளர் குடியிருப்புப் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. பழங்குடியினர் சாதிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். அதற்கு நாளாகும். ரிசல்ட் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சேர்க்கை நேரத்தில் கையில் இருக்காது. இந்த வாரமே விண்ணப்பம் போட்டுவிடலாம், எங்கள் ஆசிரியர் ஒருவர் கூடவே வருவார்.

ஒரு பாடத்தில் தவறினாலும் அதோடு படிப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வரும். மாலையில் பள்ளியிலேயே வகுப்பு வைக்கிறோம்.

பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் விடுதி என்றாலே பயப்படுகிறீர்கள். நியாயமான பயம்தான், என் அம்மாவும் பயந்தார். அதனால் மே மாதம் உங்களையே கிருஷ்ணகிரிக்கு அழைத்துப்போய் விடுதியைக் காட்டப்போகிறோம். அறை, கழிப்பறை, வார்டன் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்குள் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வேண்டாம். பதினெட்டு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நானே போன் செய்வேன். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

கூட்டம் வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் பாதிப் பேர் சந்தைக்குப் போய்விடுவீர்கள் என்பது போன தடவையே தெரிந்துவிட்டது. பிள்ளையின் ஆதார், சாதிச் சான்று, பிள்ளை பெயரில் உள்ள வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு நகல் கொண்டு வாருங்கள். வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் உதவித்தொகை வராது.

வேனில் போன ஏழு பேரின் பெற்றோர் சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். காலை எட்டரைக்கே பள்ளியில் இருப்பேன். எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினீர்கள் என்பதை என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்