போரில் காணாமற்போன உறவினரைத் தேடுவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி அட்மிரல் சார்ள்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மாவில் இறந்து திருகோணமலையில் புதைக்கப்பட்டவர். அவருடைய கல்லறையை நிலாவெளி வீதி யுத்த மயானத்தில் தேடுவது வீண். அது இரண்டாம் உலகப் போருக்குரியது. ஆஸ்டின் நகரத்துப் பழைய மயானத்தில் இருக்கிறார்.

உலகப் போரில் தொலைந்த பாட்டன், பூட்டனைத் தேடுவோரும் இப்படித்தான் இடத்தை வைத்துத் தேடத் தொடங்கித் தடுமாறுகிறார்கள். முதலில் வேண்டியது படைப்பிரிவும் சேவை இலக்கமும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலுடன் 307 பேர் மாண்டனர். உடல் கிடைக்காத கடற்படையினரின் பெயர்கள் அவரவர் தாய்த்தளத்தின்படி பிளிமத், போர்ட்ஸ்மவுத், சாட்டம் நினைவுத்தூண்களில் உள்ளன. வணிகக் கப்பலில் போன இந்திய மாலுமிகளுக்கு பம்பாய், சிட்டகாங் நினைவிடங்கள். மலாயாவில் கல்லறையின்றிப் போன சிப்பாய்களுக்கு சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடம். பர்மா என்றால் ரங்கூனுக்கு வடக்கே தாவுக்யான் நினைவிடம். பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் இவை அனைத்தையும் இலவசமாகத் தேடலாம்.

பெயர்தான் பெரிய சிக்கல். ஆறுமுகம் என்பதன் ககரத்தை ஒரு எழுத்தர் 'கே' என்றும், இன்னொருவர் 'ஜி' என்றும், வேறொருவர் 'ஜிஎச்' என்றும் எழுதியிருப்பார். தகப்பன் பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கவும் கூடும். ஆகவே முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்து, படைப்பிரிவால் வடிகட்டுங்கள். இந்தியப் படையினரின் பதிவு பலவற்றில் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் இருக்கும். ஆளை உறுதிசெய்ய அவையே உதவும். 1947 டிசம்பர் 31 வரை இறந்தோரும் சேர்க்கப்பட்டுள்ளதால் தேடலை 1945உடன் நிறுத்தவேண்டாம்.

பதிவில் ஒரு விபரம் பொருந்தவில்லை என்று அதை ஒதுக்கிவிடவும் கூடாது. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் மகன் ஜோன், பிரித்தானியப் படையின் ஐரிஷ் கார்ட்ஸ் பிரிவு அதிகாரி, 18 வயதில் 1915 செப்டம்பர் 27 அன்று, முதலாம் உலகப் போரில், பிரான்சின் லூஸ் போரில் காணாமற்போனார். கிப்ளிங் அதே கல்லறைகள் ஆணையத்தில் பணியாற்றியவர். அப்படியிருந்தும் மகனின் கல்லறையை அறியாமலே 1936இல் இறந்தார். பெயர் தெரியாத ஒரு லெப்டினன்டின் கல்லறை ஜோனுடையது என ஆணையம் 1992இல்தான் முடிவுசெய்தது. உடல் எடுத்த இடத்தின் வரைபடக் குறியீட்டில் எழுத்து மாறிவிட்டது என்பது அதற்குச் சொன்ன காரணம். அவர் அப்போது லெப்டினன்டா, இரண்டாம் லெப்டினன்டா என்ற வாதமும் பின்னர் எழுந்தது. பதவி உயர்வு வர்த்தமானியில் வந்தது அவர் காணாமற்போன பிறகு. பெற்ற தகப்பனுக்கே கிட்டாதது ஒரு தாளின் ஓரத்தில் இருந்திருக்கிறது.

படையில் சேராத கூலித் தொழிலாளர் இந்தப் படைப் பட்டியல்களில் வரமாட்டார்கள். இங்கு குண்டுவீச்சில் இறந்தவர்களுக்கு, இறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பாருங்கள். இறந்த இடமும் உத்தேசத் திகதியும் தெரிந்திருந்தால் தேடுவது இலகு.

வீட்டுப் பெட்டகத்தில் பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பையும் பின்புறத்தையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். இரண்டாம் போரில் பிரித்தானியப் படையினரின் நட்சத்திரப் பதக்கங்கள் பெயரின்றி வழங்கப்பட்டவை. இந்தியப் படையினருடையதில் இலக்கமும் பெயரும் பொறித்திருப்பார்கள். தயவுசெய்து புளி போட்டுத் துலக்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும்.

வரலாற்று ஆர்வலர்கள்,
திருகோணமலை.