ஐயாவின் ஜீப்பை எடைக்குப் போட வேண்டாம், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஐயாவின் ஜீப்புக்குத் திருச்சிப் பட்டறை ஒன்றில் 1,85,000 ரூபாய்க்குச் செலவுப் பட்டியல் கொடுத்தார்களாம். அதைப் பார்த்து மலைத்துப்போய், வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறாயாம். ஆச்சி நேற்றிரவு சொன்னதிலிருந்து எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் முகப்பில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன். உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் தாத்தா விட்டுச்சென்ற ஜீப்பைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, அதையும் மாதச் சம்பளத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். முதல் வரி பெயின்ட், 45,000. அடுத்து சீட்டும் மேல் படுதாவும். பிறகு எஞ்சினை இறக்கிப் பிரிப்பது. பிரேக் பதினோராவது வரியில் இருக்கிறது! தொகைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, வரிசைதான் தவறு. வண்டி நிற்பதற்கு ஆகும் செலவு முதலில், ஓடுவதற்கு ஆகும் செலவு அடுத்து. பெயின்ட்டை இப்போதைக்கு மறந்துவிடு.

இரண்டாம் கட்டு அறையில் இருக்கும் மரப்பெட்டியில் ஐயாவின் வண்டிக் கணக்கு நோட்டு இருக்கிறது. நீ பார்த்திருக்க மாட்டாய். மேலே ‘சிவமயம்’, இடப்பக்கம் தேதியும் கிலோமீட்டரும், வலப்பக்கம் பற்று. கடைப் பேரேடு எழுதிய அதே கை. ஐந்து வயதான இந்த மகிந்திரா எம்எம் 540 ஜீப்பை 1996-இல் வாங்கிய நாளிலிருந்து ‘கிரீஸ் 35’, ‘பேன் பெல்ட் 110’ என்று வரிசையாகப் போகிறது. பக்க ஓரங்களில் எண்ணெய் ஊறிய பெருவிரல் ரேகை. நேற்றிரவு அதை முதலிலிருந்து வாசித்தேன். இத்தனை வருடம் பார்த்தும் பிடிபடாத ஒன்று அப்போதுதான் பிடிபட்டது. பெரிய தொகை எழுதியிருக்கும் இடத்துக்கெல்லாம் முன்னால், ஒன்றுமே எழுதாத சில மாதங்கள் இருக்கின்றன. 2003-இல் உன் ஐயா, அதாவது என் அப்பச்சி (அப்பா), உடம்புக்கு முடியாமல் படுத்தபோது எட்டு மாதம் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் ஓட்டினேன். அடுத்த பக்கத்தில் ‘எஞ்சின் வேலை 31,400’.

அந்தத் தொகைக்குக் காரணம் நம் ஊர்ச் செம்மண். கல்லல் பக்கம் புஞ்சைக்குப் போய் வந்தால் வண்டி மேல் படியும் புழுதியைத் துடைத்துவிடுகிறோம். எஞ்சின் உறிஞ்சும் புழுதி எங்கே போகும்? நம் ஜீப்பின் காற்று வடிகட்டியில் அடியில் ஒரு கிண்ணம் இருக்கிறது, அதில் ஆயில் நிற்கும். உள்ளே வரும் காற்று அந்த ஆயிலில் மோதித் திரும்பும்போது புழுதி ஆயிலில் தங்கிவிடும். எட்டு மாதம் கழித்து நான் கிண்ணத்தைக் கழற்றியபோது ஆயில் இல்லை. குயவர் பிசைந்து வைத்தது போல ஒரு விரல் கனத்துக்குச் சிவப்புச் சேறு இருந்தது. பிடிக்க ஆயில் இல்லாததால் மிச்சப் புழுதி முழுவதும் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள் போல அராவிவிட்டது. கிண்ணத்தை டீசலில் கழுவி, புது ஆயில் குறியளவு ஊற்ற அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை நான் கொடுக்கவில்லை.

மழைக்கு முன்னால் ஓடு பிரித்து மாற்றுவதை நம் வீடுகளில் யாராவது தள்ளிப்போட்டார்களா? ஒரே ஓடு விரிசல் விட்டால் போதும், நூறு வருடத்துப் பர்மாத் தேக்கு உத்திரம் உளுத்துவிடும் என்பது நமக்குத் தெரியும். வண்டிக்கும் அதே கணக்குதான்.

மாதம் 2,500 ரூபாய் ஒதுக்க முடியும் என்று சொல்லியிருக்கிறாய். தாராளமாகப் போதும். முதல் நான்கு மாதப் பணமும் பிரேக்குக்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை, பழைய ஷூவிலேயே புது லைனிங் வைத்துத் தருவார்கள். ஆனால் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் சிலிண்டரை உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிடு. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கிடைக்கிறதே என்பாய். கதவு, சீட்டுச் சட்டம், ஹப், கியர்பெட்டிக் கூடு இவற்றை அங்கே நம்பி வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், பேரிங், ரப்பர் இந்த நான்கில் பழையது கூடவே கூடாது.

ஐந்தாவது மாதம் ரேடியேட்டர். நம்முடையது பித்தளை. மேல்மூடியைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்து மூடலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதே. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம், ஆனால் ரேடியேட்டருக்கு அதுகூட வேண்டாம். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும்தான்.

எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதே. அது பிரெஞ்சு பெஜோ கம்பெனியின் உரிமத்தில் மகிந்திரா இகத்புரியில் செய்த 2,112 சி.சி. டீசல், இலேசில் சாகாது. முதலில் புகையைப் பார். கறுப்பாக வந்தால் காற்று வடிகட்டி அல்லது டீசலைத் தெளிக்கும் நாசில், சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். காலையில் மட்டும் வெள்ளையாக வந்து ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கச் சொல். சூடான பிறகும் நீலமாக வந்தால்தான் ஆயில் எரிகிறது என்று பொருள். அப்போதும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் திருப்ப விடாதே.

முன்சக்கர இழுவையைப் பற்றி ஒன்று. முன்சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவையைக் கொடுக்கும் அந்தச் சின்ன நெம்புகோலை மாதம் ஒரு முறை பொட்டலில் போட்டு, முன்சக்கர ஹப்பைப் பூட்டி, நூறு இருநூறு அடியாவது ஓட்டு. ஆயில் எல்லாக் கியர் பல்லுக்கும் போகும், சீல் காய்ந்து வெடிக்காது. தார் ரோட்டில் மட்டும் போடாதே. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும், நம் வண்டியில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் எதுவும் இல்லை. மண்ணில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் முறுக்கு முழுவதும் பல்லில் ஏறும். கண்மாய்ச் சேற்றிலிருந்து ஏறி, மறந்துபோய் அப்படியே குன்றக்குடி ரோட்டில் நான் ஓட்டியிருக்கிறேன். நெம்புகோல் கல்லாக இறுகிவிட்டது. அப்பச்சி வந்து ஒரு சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். தூக்கிய சக்கரம் வெடுக்கென்று தானாகச் சுற்றி நின்றது, நெம்புகோல் விரலுக்கு வந்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான்கு டயரும் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். 6.00-16 அளவில் டிராக்டர் முன்டயர் மலிவாகக் கிடைக்கும். வேண்டாம், அது ரோட்டு வேகத்துக்கு ஆனதல்ல.

பதிவுச் செலவையும் மறந்துவிடாதே. 20 வயது கடந்த கார், ஜீப்புகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 5,000-லிருந்து 10,000 ஆக்கிவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை என்பதால், மாதம் 170 ரூபாய் தனியாக எடுத்து வை. பசுமை வரி, இன்ஷூரன்ஸ் தனி.

பிரேக் முடிந்ததும் திருமயம் வழியாக நிதானமாக ஓட்டிக்கொண்டு வா. கிரீஸ் வேலையை நான் சொல்லித் தருகிறேன், பட்டறைக்குக் கூலி கொடுக்க வேண்டாம். கிரீஸ் அடிக்கும் முனையான நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கிப் புதியது எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். தையில் கண்மாய் ஓரம் ஈரமாக இருக்கும்போது லோ கியரில் இறக்கி ஏற்றிப் பார்க்கலாம்.

நோட்டில் அப்பச்சி எழுதிய கடைசி வரி 1,43,610 கிலோமீட்டர், கிரீஸ். இப்போது மீட்டரில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துச் சொல். எழுதி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் அம்மான்