அறுபது தாண்டியவர்களுக்கும் ஒரு படிவம் வையுங்கள்

கொழும்பில் தமிழ்த் திருமண சேவை நிலையங்களை நடத்துவோருக்கும், கலியாணத் தரகர்மாருக்கும், ஞாயிறு பத்திரிகைகளில் மணமகன் தேவை, மணமகள் தேவை பக்கங்களைத் தயாரிப்போருக்கும்,

வணக்கம்.

எனக்கு 66 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். எனக்கு ஒரு துணை வேண்டும். கதைக்க, சிரிக்க, சண்டை பிடிக்க, பிறகு சமாதானமாகி ஒன்றாகச் சாப்பிட ஒருவர். ஒத்துவந்தால் கலியாணமும் செய்துகொள்ளலாம். இதை வெளிப்படையாக எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. இந்த ஊரில் முன்பின் தெரியாத இரண்டு பேரை மரியாதையாக அறிமுகம் செய்து வைப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அறுபது தாண்டியவர்களையும் பதிவு செய்யுங்கள். எங்களுக்கென்று ஒரு படிவம் வையுங்கள். பத்திரிகையில் எங்களுக்கென்று நாலு வரி இடம் விடுங்கள்.

போன வருடம் காலி வீதிப் பக்கமாக உள்ள ஒரு நிலையத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பிள்ளை எழும்பிக் கதிரை தந்து, “மகளுக்கோ மகனுக்கோ அன்ரி?” என்று கேட்டாள். “எனக்குத்தான் பிள்ளை” என்றேன். அவள் உள்ளே போய் உரிமையாளரைக் கூட்டிவந்தாள். நல்ல மனிதர். தேநீர் எடுப்பித்தார். “இந்த வயதில் கோயில், குளம் என்று மனதைத் திருப்பலாமே அம்மா” என்றார். நான் கோயிலுக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் என்னைக் காணலாம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், இன்றைக்குக் கோயிலில் என்ன நடந்தது என்று கேட்க உள்ளே ஒருவரும் இல்லை. அதுதான் என் பிரச்சினை. அதை முருகனிடமும் சொல்லியிருக்கிறேன், அந்த உரிமையாளரிடமும் சொன்னேன். அவருடைய படிவத்தில் வயதுக் கட்டம் 45 உடன் முடிந்திருந்தது.

எங்களைப் போன்றவர்கள் இந்த நகரத்தில் எவ்வளவு பேர் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று தங்கிய குடும்பங்களில் பிள்ளைகள் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் போய்விட்டார்கள். தொடர்மாடிகளில் மிஞ்சியிருப்பது தாய் தகப்பன். பிறகு இரண்டு பேரில் ஒருவர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டின் சனத்தொகையில் 12.4 சதவீதம் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். பெண்கள் ஆண்களைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள், கணவன்மாரோ பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். ஆகவே தனித்து நிற்பவர்களில் பெண்களே அதிகம்.

இந்த வீடுகளில் சாப்பாடு இருக்கிறது, மருந்து இருக்கிறது. பிள்ளைகள் வட்ஸ்அப்பில் எடுக்கிறார்கள். பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு, குளிசை போட்டாச்சா என்று கேட்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், அந்த அன்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என்னோடு பகிடி விடுவதற்கு ஆள் இல்லை. பேரப்பிள்ளைகள் என்னைக் கியூட் என்கிறார்கள். என் பகிடி விளங்குகிற அளவுக்கு அவர்களுக்குத் தமிழ் காணாது. விளங்கினாலும் அந்தக் காலம் தெரியாது. 1970களில் விடியப்புறம் பாணுக்கு வரிசையில் நின்றது, யாழ்தேவி ரயிலில் இடம் பிடிக்க ஜன்னலால் துவாயைப் போட்டது, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் தேடிக் கைப்பை முழுவதையும் கொட்டியது. அன்றைக்கு அழுத பல விஷயங்களுக்கு இன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரிக்கலாம். அதற்குக் கூட இருந்து சிரிக்க, அதே வரிசையில் நின்ற ஒருவர் வேண்டும்.

வயதானவர்களின் காதல் சிரிப்பில்தான் தொடங்குகிறது என்பது நான் பக்கத்தில் இருந்து பார்த்த விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு 72, அவவுக்கு 67. இருவரும் சந்தித்தது கண் ஆஸ்பத்திரியில். கண்புரை ஒப்பரேசன் முடிந்து இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கண்ணில் கட்டு. வாசலில் லிப்டன் சுற்றுவட்டத்து வாகன நெரிசலைப் பார்த்துக்கொண்டு அவ தயங்கி நிற்க, இவர் பக்கத்தில் வந்து, “உங்களிட்ட வலது கண் இருக்கு, என்னிட்ட இடது கண் இருக்கு. சேர்ந்து கடப்பமோ?” என்று கேட்டிருக்கிறார். அவ நடுவீதியில் சிரிக்கத் தொடங்கி, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லையாம். இப்போது பதிவுத் திருமணம் செய்து ஒன்றாக இருக்கிறார்கள். அவருடைய மகள்தான் சாட்சிக் கையெழுத்து வைத்தாள்.

அவ குறட்டை விடுவா. அவர் இரவில் காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் பதினோராவது பொருத்தத்தைக் கவனிக்கவில்லை என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார். அவ அதை எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்பா. மாலையில் மரைன் டிரைவில் நடக்கும்போது அவவுடைய முழங்காலுக்காக அடிக்கடி நின்று கடலைப் பார்ப்பார்கள். உடம்பு தளர்வதை இருவரும் சேர்ந்து பகிடியாக்கிக்கொள்வதால் அதைப் பற்றிய பயம் அவர்களிடம் குறைவு. தனியாக இருக்கிறவருக்கு ஒவ்வொரு புது வலியும் இரவில் பெரிதாகத் தெரியும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். உங்களுடைய வழக்கமான கேள்விகள் செவ்வாய், பாவப் புள்ளி, உயரம், நிறம், சீதனம், எந்த நாட்டு வதிவிட உரிமை. சாதகம் பார்க்க விரும்புகிறவர் எந்த வயதிலும் பார்க்கட்டும். ஆனால் எங்களிடம் கேட்க வேண்டியவை வேறு. காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்? தொலைக்காட்சியை எவ்வளவு சத்தமாக வைப்பீர்கள்? என்ன வருத்தம் இருக்கிறது, என்ன மருந்து எடுக்கிறீர்கள்? ஒரே வீட்டில் வாழ விருப்பமா, அவரவர் வீட்டில் இருந்துகொண்டு தினமும் சந்திக்க விருப்பமா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பழகிய அடுக்களையை விட்டு வர மனமில்லாத பெண்கள் நிறையப் பேர், அவர்களுக்கும் அன்பு வேண்டும். கடைசியாக எதற்கு வாய்விட்டுச் சிரித்தீர்கள் என்றும் கேளுங்கள். அதற்கு வருகிற பதிலில் ஆளைப் பாதி அறிந்துவிடலாம்.

ஆண்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: உங்களுக்கு என்ன சமைக்கத் தெரியும்? துணை தேவை என்று சொல்லிக்கொண்டு சமையலுக்கும் மருந்து எடுத்துத் தரவும் சம்பளமில்லாத ஆள் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாற்பது வருடம் சமைத்துப் போட்ட ஒரு பெண்ணை மறுபடி அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

அப்புறம், படங்கள். எங்கள் ஒவ்வொருவருடைய வீட்டிலும் மாலை போட்ட ஒரு படம் இருக்கிறது. என் கணவர் என் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிறார், அங்கேயே இருப்பார். அவரோடு நான் சந்தோசமாக வாழ்ந்தேன். மறுபடி ஒருவரோடு வாழ ஆசைப்படுவதற்கே அந்தச் சந்தோசம்தான் காரணம். புதிதாக வருகிறவர் தன் மனைவியின் படத்தையும் கொண்டுவரட்டும், பக்கத்தில் மாட்டுவோம், இரண்டுக்கும் நானே பூ வைப்பேன். இறந்தவரைப் பற்றித் தாராளமாகக் கதைக்கக்கூடிய, அவருடைய பழைய பகிடிகளைக்கூடக் கேட்டுச் சிரிக்கக்கூடிய ஒருவரைத்தான் நான் தேடுகிறேன். முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பலருக்கு வாயால் கேட்கத் தயக்கமாக இருக்கும். படிவத்தில் இருந்தால் தயக்கம் இல்லை.

பிள்ளைகளின் சம்மதத்தோடு வாருங்கள் என்று எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். இந்த நாட்டின் பொதுத் திருமணப் பதிவுச் சட்டம் 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது, இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. முன்னைய வாழ்க்கைத்துணையின் மரணச் சான்றிதழோடு பதிவாளரிடம் போகலாம். பிள்ளைகளோடு கதைக்க வேண்டும்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, விரும்பி, முடிவெடுத்த பிறகு அவர்களே சொல்லட்டும்.

பிள்ளைகளின் கோபத்துக்குள் பல நேரம் ஒளிந்திருப்பது வீடு, காணி பற்றிய பயம். அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வீட்டில் அவர்களுடைய உழைப்பும் இருக்கும். இந்த இடத்தில் நீங்கள் செய்யக்கூடிய பேருதவி, ஒரு நல்ல சட்டத்தரணியை அறிமுகம் செய்து வைப்பது. பலருக்குத் தெரியாத ஒன்று, ஏற்கெனவே எழுதிவைத்த மரணசாசனம் புதிய திருமணத்தோடு செல்லாமல் போய்விடும். திரும்ப எழுத வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகள், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். எழுதாமல் விட்டால் பொதுச் சட்டப்படி சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மறுபாதி பிள்ளைகளுக்கு. தேசவழமை என்ற மரபுச் சட்டத்துக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கணக்கு வேறு. வீட்டைப் பிள்ளைகளின் பெயரில் நன்கொடை உறுதி எழுதிச் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டால் பல வீடுகளில் சண்டையே வராது. ஆனால் கணவர் முதலில் போய்விட்டால் புது மனைவி எங்கே இருப்பா என்பதையும் அதே உறுதியில் எழுத வேண்டும். அதை மறந்துபோனால் ஒரு பெண் வயதான காலத்தில் தெருவில் நிற்பாள். விதவை ஓய்வூதியம் எடுக்கிறவர்கள், மறுமணம் அதை என்ன செய்யும் என்று மாளிகாவத்தையில் ஓய்வூதியத் திணைக்களத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் கதவை மூடினால் எங்களில் பலர் போகிற இடம் பேஸ்புக். அங்கே வெளிநாட்டு டாக்டர் என்றும் கப்பல் கப்டன் என்றும் சொல்லிக்கொண்டு யாரோ இனிக்க இனிக்கக் கதைப்பான். சில வாரத்தில், உங்களுக்கு அனுப்பிய பரிசுப் பொதி சுங்கத்தில் நிற்கிறது, காசு கட்டுங்கள் என்பான். சேமிப்பைக் கட்டிவிட்டு வெளியே சொல்ல முடியாமல் வாய்மூடி இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். தனிமையில் இருக்கிறவரிடம் யாராவது அன்பாகக் கதைத்தால் மனம் நம்பத்தான் செய்யும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடையாள அட்டையைப் பார்த்து, மரணச் சான்றிதழைப் பார்த்து, ஆளை நேரில் பார்த்துப் பதிகிற உங்களைப் போன்றவர்கள் நடுவில் நின்றால் இந்தக் கள்ளன்களுக்கு இடமிருக்காது.

சந்திக்க வைக்கிற முறையையும் கொஞ்சம் மாற்றலாம். படத்தையும் குறிப்பையும் உறையில் போட்டு அனுப்பினால் அந்தப் படத்தில் எங்கள் சிரிப்பு தெரியாது. மாதத்தில் ஒரு காலை, பத்து மணிபோல, வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு மண்டபம் எடுங்கள். 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, லொறன்ஸ் வீதியில் சரஸ்வதி மண்டபம் இருக்கிறது. லிப்ட் அல்லது படியில்லாத வாசல், கைப்பிடி உள்ள கதிரை, பக்கத்தில் கழிவறை, சீனி போட்டும் போடாமலும் தேநீர். இவ்வளவு போதும். மேடைப் பேச்சு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். எங்களைக் கதைக்க விடுங்கள். அங்கே பிடித்துப்போன இருவர் இன்னொரு மாலை தாங்களாகவே காலிமுகத்திடலுக்குப் போய் இறால் வடை வாங்கி, நெஞ்செரிவைப் பற்றிக் கவலைப்படாமல் ஆளுக்குப் பாதி சாப்பிடுவார்கள்.

எனக்காக வெளியிடும்போது இப்படிப் போடுங்கள்: ‘வெள்ளவத்தை, 66, ஓய்வுபெற்ற ஆசிரியை, சைவ சமயம். அதிகாலை எழும்புவார். நீரிழிவு கட்டுப்பாட்டில். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் நன்றாகச் சமைப்பார், வாரத்தில் பாதி நாள் மற்றவர் சமைக்க வேண்டும். சத்தமாகச் சிரிப்பார். பகிடி விளங்குகிற, பகிடி விடத் தெரிந்த, மனைவியை இழந்தவரோ தனித்து வாழ்பவரோ தொடர்புகொள்ளலாம். சாதகம் தேவையில்லை. பிள்ளைகளுக்குத் தெரியும்.’

ஆம், பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த மடலை அனுப்புவதற்கு முன் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். மகள் அழுதாள், பிறகு புட்டு என்ற இடத்தில் சிரித்தாள். மகன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு நேரம் கொடுக்கிறேன்.

பதிவுக் கட்டணத்தில் முதியோர் சலுகை எதுவும் வேண்டாம். இளையவர்களுக்கு எவ்வளவோ அதையே நானும் கட்டுகிறேன். படிவம் தயாரானதும் அறிவியுங்கள், முதல் ஆளாக வந்து நிரப்பித் தருகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை