லாட்ஜ் கணக்கறைக்குள் வந்து விழுந்த ஸ்கேன் ரிப்போர்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் நெட்வொர்க் பராமரிப்பது என் பிழைப்பு. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வருபவர்கள் வாரக்கணக்கில் தங்கும் ஊர் இது. வைஃபை இல்லாமல் அறை போகாது. சென்ற மாதம் ஒரு லாட்ஜின் நான்காம் மாடியில் ஒருவர் தன் கைப்பேசியில் தெரிந்த பிரிண்டருக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறார். அது கீழே கணக்கறையில், ஜிஎஸ்டி பில்களுக்கு நடுவே வந்து விழுந்தது. வைரஸ் என்று மேனேஜர் அரண்டுவிட்டார்.

வைரஸெல்லாம் இல்லை. மாடியில் ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு ஸ்விட்ச். நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டிதான் ஸ்விட்ச். அதற்குள்ளேயே விருந்தினருக்கு ஒன்று, கணக்கறைக்கு ஒன்று என்று நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்து எண் கொடுப்பதுதான் வி-லேன். எல்லா வி-லேன்களும் சேர்ந்து போக, இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே ஒரே டிரங்க் கேபிள். அதில் போகும் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது தரவுப் பொட்டலத்திலும், எந்த வி-லேன் என்ற எண் இருக்கும், ஒரு வி-லேனுக்கு மட்டும் இருக்காது. அதுதான் நேட்டிவ் வி-லேன். பெரும்பாலான ஸ்விட்சுகளில் தொழிற்சாலையிலிருந்தே 1 என்று வரும். நேதாஜி மார்க்கெட்டில் குறி போடாத மூட்டை வந்திறங்கினால், அது எந்த மண்டிக்கு என்பதில் ஏற்றியவனும் இறக்கியவனும் ஒத்துப்போக வேண்டுமல்லவா? இங்கே மேல் ஸ்விட்சில் யாரோ நேட்டிவை விருந்தினர் வைஃபைக்கான 20 ஆக்கிவிட்டார். கீழே அது 1 ஆகவே இருந்தது. கணக்கறையும் அதே 1-இல். எண்ணில்லாமல் இறங்கியதெல்லாம் நேராகக் கணக்கறைக்குள் போயிற்று. சில ஸ்விட்சுகள் இந்த முரண்பாட்டை எச்சரிக்கும். விலை மலிவானவை வாயே திறப்பதில்லை.

கணக்கறையை 10-க்கு மாற்றி, ஸ்விட்சில் கேபிள் செருகும் எந்த போர்ட்டுக்கும் கொடுக்காத 999-ஐ இரு முனைகளிலும் நேட்டிவ் ஆக்கி, தேவையான வி-லேன்களை மட்டும் டிரங்கில் அனுமதித்தேன். அவசரத்தில் கீழ் ஸ்விட்சை முதலில் மாற்றித் தொலைத்தேன். மேல் ஸ்விட்சின் தொடர்பு அறுந்து, இரவு பதினொரு மணிக்கு லேப்டாப்போடு நான்கு மாடி ஏறினேன். தொலைவில் இருப்பதை முதலில் மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

லாட்ஜ், கிளினிக், பள்ளி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடித்துப் போகும் ஆளிடம், எந்த டிரங்கில் நேட்டிவ் எண் என்ன, எந்தெந்த வி-லேன் போகிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். அந்த லாட்ஜில் நானே எழுதி ஸ்விட்ச் பெட்டியின் கதவில் ஒட்டினேன். மறு வாரம் போய்ப் பார்த்தால், அதன் மேலேயே ரத்தினகிரி முருகன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார் மேனேஜர்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்பாளர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.